கேள்வி–பதில்: பொன்மலி பாடலி

மகத நாட்டின் தலைநகராக விளங்கிய பாடலிபுத்திரம் இன்றைய பாட்னாவே என்றும், சங்கப் பாடல்களில் அந்நகரின் பெயர் வருகிறது என்றும் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்கள் மிகுதி. ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் கேள்விகளைத் தேர்ந்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்நகருக்கே ஒதுக்குகிறேன்.

திருச்சிராப்பள்ளி வாசகர்: சங்கப் புலவர்கள் பாடலியைப் பாடினார்கள் என்கிறீர்கள். அவ்வளவு தொலைவில் இருந்த நகரத்தைப் பற்றி அவர்களுக்கு உண்மையிலேயே ஏதேனும் தெரிந்திருந்ததா, அல்லது பெயரை மட்டும் கேள்விப்பட்டுப் பாட்டில் வைத்தார்களா?

பெயருக்கு மேலும் தெரிந்திருந்தது என்பதே என் எண்ணம். அதற்குக் குறுந்தொகையின் 75ஆம் பாடல் ஒன்றே போதும். பிரிந்துபோன தலைவன் திரும்பி வருகிறான் என்று பாணன் செய்தி கொண்டுவருகிறான். தலைவிக்கு நம்ப வேண்டும் என்ற ஆசை ஒருபுறம், நம்பி ஏமாந்துவிடுவோமோ என்ற அச்சம் மறுபுறம். 'நீ கண்டனையோ? கண்டார்க் கேட்டனையோ?' என்று, நேரில் பார்த்தாயா அல்லது பார்த்தவர் சொல்லக் கேட்டாயா எனச் சாட்சியை மடக்கும் வழக்கறிஞரைப்போல அவனைக் கேட்கிறாள். அந்த விசாரணைக்கு நடுவிலேயே, 'வெண்கோட்டு யானை சோணை படியும் பொன்மலி பாடலி பெறீஇயர்' என்று அவனை வாழ்த்தியும் விடுகிறாள். வெண்மையான தந்தங்களையுடைய யானைகள் சோணையாற்றில் படிந்து நீராடும், பொன் மிகுந்த பாடலியையே நீ பெறுவாயாக என்பது வாழ்த்து.

இதைப் பாடிய படுமரத்து மோசிகீரனார் கங்கையைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கங்கையின் பெயர் எவருக்கும் தெரியும். வடநாட்டு நகரம் ஒன்றைப் பாட வேண்டுமானால் கங்கைக்கரை என்று சொல்லிவிட்டுப் போவதுதான் எளிது. அவரோ சோணையைச் சொல்கிறார். இன்றைய வரைபடத்தை விரித்துவைத்துப் பார்ப்பவர், சோணை பாட்னாவுக்கு மேற்கே பல கிலோமீட்டர் தள்ளி கங்கையில் கலப்பதைக் கண்டு, புலவர் தவறிவிட்டார் என்றுகூட நினைக்கக்கூடும். ஆனால் அந்த ஆறு இடம் மாறிய ஆறு. பழங்காலத்தில் அது நகரை ஒட்டியே ஓடியது. வடமொழி இலக்கணத்துக்கு மாபாடியம் எழுதிய பதஞ்சலி ஓர் இலக்கண விதிக்கு எடுத்துக்காட்டுத் தரும்போது, 'சோணையின் நெடுகிலும் அமைந்தது பாடலிபுத்திரம்' என்று போகிற போக்கில் சொல்கிறார். கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ், கங்கையும் எரன்னோபோவாஸ் என்ற ஆறும் கூடுமிடத்தில் நகரம் இருப்பதாக எழுதினார். சோணைக்கு வழங்கிய இரணியவாகம் என்ற பெயரின் கிரேக்க வடிவம் அது. ஒருவரையொருவர் அறியாத மூவர் ஓர் ஆற்றின் கரையில் வந்து ஒன்றுபடுகிறார்கள். மோசிகீரனார் அங்கே போயிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போய்வந்த ஒருவனுடைய வாய்ச்சொல், வணிகனோ துறவியோ சொன்ன சொல், அதிகம் தேயாமல் அவர் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்தவர் மாமூலனார். அகநானூற்று 265ஆம் பாடலில், பொருள் தேடிப்போன தலைவன் இன்னும் திரும்பவில்லையே என்று வருந்தும் தலைவி, அவனைப் பிடித்துவைத்திருக்கும் செல்வம் எதுவோ என்று தோழியிடம் கேட்கிறாள். அது இமயமலை அளவு பெரிதோ? அல்லது 'பல்புகழ் நிறைந்த வெல்போர் நந்தர் சீர்மிகு பாடலிக் குழீஇக் கங்கை நீர்முதல் கரந்த நிதியங் கொல்லோ'? மௌரியருக்கு முன் மகதத்தை ஆண்ட நந்தர்கள் பாடலியில் குவித்து, பின் கங்கை நீருக்கடியில் ஒளித்துவைத்த புதையலோ என்பது கேள்வி. இதே புலவர் 251ஆம் பாடலில் தோழியின் வாயிலாகப் பதிலும் சொல்லிவிடுகிறார்: நந்தனுடைய செல்வமே கிடைத்தாலும் அவர் அங்கே தங்கமாட்டார். இந்தப் புதையல் கதை மாமூலனாரின் கற்பனை அன்று. மகாவம்சத்துக்கு இலங்கையில் பாலி மொழியில் எழுந்த பழைய உரை, தனநந்தன் கங்கையின் பாறைப்படுகையைத் தோண்டி எண்பது கோடிப் பொருளைப் புதைத்து, அதன்மேல் ஆற்றைத் திருப்பிவிட்டதாகக் கூறுகிறது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கும், அவ்வூரில் இருந்த ஐந்து தூபிகளில் நந்தனின் செல்வம் கிடப்பதாக மக்கள் நம்பியதைக் குறித்திருக்கிறார். மாமூலனாரிடம் இருப்பதுதான் இந்த மரபின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று என்பதை வடநாட்டு வரலாற்று நூல்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம்.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இப்பாடல்களில் பாடலி ஓர் அளவுகோலாக நிற்கிறதே தவிர, கதை நடக்கும் களமாக அன்று. காதலன் வரவைச் சொன்னவனுக்குக் கொடுக்கத்தக்க உச்சமான பரிசு எது, காதலியை மறக்கடிக்கும் அளவுக்கு உச்சமான செல்வம் எது என்ற இடங்களில் மட்டுமே அது வருகிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, மகத வேந்தன் கரிகாலனுக்குப் பட்டிமண்டபம் என்ற கட்டடத்தைக் கொடுத்ததாகச் சொல்கிறது. அதைக் கொண்டு சோழர் படை பாடலிபுத்திரத்தின் வாயில் வரை போயிற்று என்று எழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. 'மகத வினைஞரும் மராட்டக் கம்மரும்' தமிழ் வினைஞரோடு கூடி வேலை செய்ததாக மணிமேகலை சொல்வதில் எனக்கு நம்பிக்கை அதிகம். அரசர்களின் வெற்றியைவிடக் கைவினைஞர்களின் போக்குவரத்து காவியங்களில் மிகையின்றிப் பதிவாகிறது.

ஈரோடு வாசகி: மகதத்துக்கு முதலில் ராஜகிருகம்தானே தலைநகர்? மலைகள் சூழ்ந்த அரணான இடத்தை விட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு ஏன் வந்தார்கள்?

பகைக்காக வந்து, வணிகத்துக்காகத் தங்கினார்கள் என்று சொல்லலாம். ஐந்து குன்றுகளுக்கு நடுவே இருந்த ராஜகிருகம் தற்காப்புக்கு ஏற்றது. அங்கிருந்து ஒரு பேரரசை ஆள்வது கடினம். கங்கைக்கு வடக்கே வஜ்ஜி நாட்டவர் வலிமையோடு இருந்தார்கள். அவர்களைத் தடுக்க மகத மன்னன் அஜாதசத்துருவின் அமைச்சர்களான சுநீதரும் வஸ்ஸகாரரும் பாடலிகாமம் என்ற சிற்றூரில் கோட்டை எழுப்பிக்கொண்டிருந்தபோது, தம் இறுதிப் பயணத்தில் புத்தர் அவ்வழியே வந்ததாகப் பாலி நூலான மகாபரிநிப்பான சுத்தம் கூறுகிறது. வணிகப் பொதிகள் அவிழ்க்கப்படும் தலைமையான நகராக இது விளங்கும் என்றும், நெருப்பு, நீர், உட்பகை என்ற மூன்று கேடுகள் இதற்கு உண்டு என்றும் அவர் சொன்னாராம். நகரம் பெரிதான பிறகு கோத்த வாக்காகவும் இது இருக்கலாம். அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. அந்நகரத்தாருக்குத் தங்கள் ஊரைப் பற்றி எது பெருமையாகவும் எது அச்சமாகவும் இருந்தது என்பதை ஒரே வாக்கியத்தில் அது காட்டிவிடுகிறது. புத்தர் வெளியேறிய வாயிலுக்குக் கௌதம வாயில் என்றும், ஆற்றைக் கடந்த துறைக்குக் கௌதமத் துறை என்றும் பெயர் வைத்தார்களாம்.

தலைநகரை அங்கே மாற்றியவன் பின்வந்த மகத மன்னன் உதயன் என்பதில் புராணங்களும் சமண நூல்களும் ஒத்துப்போகின்றன. கங்கை, சோணை, வடக்கிலிருந்து வந்து சேரும் கண்டகி ஆகிய ஆறுகளே அக்காலத்தின் நெடுஞ்சாலைகள். நெல்லும் மரமும் யானையும் படையும் நீர்வழியே வந்து இறங்கக்கூடிய இடம் அது. நகரைச் சுற்றிய நீரே அதற்கு அகழியாகவும் இருந்தது.

காஷ்மீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் எழுதிய கதைக்கடலில் (கதாசரித்சாகரம்) அந்நகரின் தோற்றத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. புத்திரகன் என்ற அரசகுமாரன், மந்திரப் பொருள்களுக்காகச் சண்டையிட்ட இரண்டு அசுரர்களை ஓட்டப்பந்தயம் ஓடச் சொல்லிவிட்டு, பொருள்களைத் தானே எடுத்துக்கொண்டு பறந்துவிடுகிறான். பாடலி என்ற இளவரசியைக் கவர்ந்துவந்து, கங்கைக்கரையில் மந்திரக்கோலால் ஒரு நகரத்தை வரைகிறான். வரைந்தது அப்படியே எழுந்து நிற்கிறது. இதற்கு நான் சான்று தேடப்போவதில்லை.

மதுரை வாசகர்: 64 வாயில்கள், 570 கோபுரங்கள் என்று மெகஸ்தனிஸ் எழுதியதாகப் பள்ளிப் பாடத்தில் படித்தோம். தூதராக வந்தவர் தம் அரசரை வியக்க வைப்பதற்காக அளந்துவிட்டிருக்கலாம் அல்லவா?

மெகஸ்தனிஸ் சில இடங்களில் அளந்துவிடுபவர்தான். பொன்னைத் தோண்டும் எறும்புகளைப் பற்றியும், வாயே இல்லாமல் மணத்தை முகர்ந்தே வாழும் மனிதர்களைப் பற்றியும் அவர் எழுதியதைக் கேலி செய்தே கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ அவரைப் பொய்யர் வரிசையில் வைத்தார். ஆனால் இந்த எறும்புகளும் மனிதர்களும் அவர் கேட்டு எழுதியவை. பாடலிபுத்திரமோ அவர் இருந்து பார்த்த ஊர். அலெக்சாந்தருக்குப் பின் மேற்காசியாவை ஆண்ட செலூக்கஸ் நிகேட்டர், சந்திரகுப்த மௌரியரிடம் 500 யானைகளைப் பெற்று உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு அங்கே தூதராக அனுப்பப்பட்டவர் அவர். அவருடைய மூலநூல் அழிந்துபோய், ஆரியன் (Arrian) என்ற கிரேக்க வரலாற்றாசிரியரும் ஸ்டிராபோவும் எடுத்தாண்ட பகுதிகள் மட்டுமே இன்று கிடைக்கின்றன. அவற்றின்படி நகரம் 80 ஸ்டேடியா நீளமும் 15 ஸ்டேடியா அகலமும் கொண்டது. நம் கணக்கில் ஏறத்தாழ 14 முதல் 15 கிலோமீட்டர் நீளமும், மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் ஆகும். ஆற்றை ஒட்டி நீண்டு கிடக்கும் நாடா போன்ற இந்த வடிவம் இன்றைய பாட்னாவின் வடிவமும்கூட. நகரைச் சுற்றி மரத்தாலான மதில். அதில் அம்பெய்வதற்குத் துளைகள். மதிலுக்கு வெளியே 600 அடி அகல அகழி.

மரத்தால் மதிலா என்று பலர் ஐயுற்றார்கள். நகரின் இடம் எது என்பதிலேயே 18ஆம் நூற்றாண்டுவரை குழப்பம் இருந்தது. பிரெஞ்சுப் புவியியலாளர் ஒருவர் அதை அலகாபாத்தில் வைத்தார். 1793ஆம் ஆண்டில் வில்லியம் ஜோன்ஸ், கிரேக்கர் சொன்ன சாண்ட்ரகோட்டஸ் சந்திரகுப்தரே, பாலிபோத்ரா பாடலிபுத்திரமே என்று அறிவித்தார். அவருக்குத் துணைசெய்தது, சோணைக்கு இரணியவாகம் என்ற பெயரும் உண்டு என்ற சிறிய செய்திதான். அலெக்சாந்தரின் காலத்தோடு சந்திரகுப்தரின் காலம் பொருந்தியதும், பழைய இந்திய வரலாற்றுக்கு ஆண்டுக் கணக்கு எழுதுவதற்கு முதல் முளை அடிக்கப்பட்டது. நாம் இன்று அசோகருக்கும் நந்தருக்கும் எழுதும் ஆண்டுகள் எல்லாம் அந்த முளையில் கட்டப்பட்டவையே.

மதிலும் பிறகு அகப்பட்டது. 1890களில் வாடெல் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய தேடலில் மரக்கட்டைகள் தட்டுப்பட்டன. 1920களில் புலந்திபாக் என்ற இடத்தில் நடந்த அகழாய்வில், தடித்த சாலமரக் கட்டைகளை இரண்டு வரிசையாக நட்டு அமைத்த அரணின் நீண்ட பகுதி சேற்றுக்கடியில் அழியாமல் வெளிப்பட்டது. அந்த வகையில் மெகஸ்தனிஸ் வென்றார்.

இதில் எனக்குச் சுவையாகப்படும் முரண் ஒன்று உண்டு. கௌடில்யர் எழுதியதாகச் சொல்லப்படும் அர்த்தசாஸ்திரம், கோட்டை மதிலை மரத்தால் கட்டவே கூடாது, அதில் நெருப்பு குடியிருக்கிறது என்று எச்சரிக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர்ப் பானைகள், ஏணி, கோடரி, முறம், கொக்கி, தோல்பை ஆகியவை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டம் என்று பட்டியல் போடுகிறது; நெருப்போடு தொழில் செய்பவர்களை ஓரிடத்தில் குடியமர்த்தச் சொல்கிறது. அந்நூல் சந்திரகுப்தரின் அமைச்சரே எழுதியதானால் தம் கண்முன் நின்ற மதிலையே அவர் கண்டித்திருக்கிறார். பின்னாளில் தொகுக்கப்பட்டது என்றால், மரநகரம் எரிந்துகண்ட பட்டறிவு அதில் இருக்கிறது. இரண்டாவதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன்.

நாகப்பட்டினம் வாசகி: அசோகர் தம் தலைநகரைக் கல்வெட்டில் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறாரா?

குறிப்பிடுகிறார். ஐந்தாம் பாறைக் கல்வெட்டில், தரும மகாமாத்திரர் என்ற அதிகாரிகள் எங்கெங்கே பணியாற்றுகிறார்கள் என்று சொல்லும் இடத்தில், குஜராத்தின் கிர்னார் பாறையில் 'பாடலிபுத்திரத்திலும் வெளியூர்களிலும்' என்று இருக்கிறது. அதே கட்டளை வேறு பாறைகளில் 'இங்கேயும் வெளியூர்களிலும்' என்று காணப்படுகிறது. அரண்மனையில் எழுதி அனுப்பிய ஓலையில் 'இங்கே' என்றுதான் இருந்திருக்கும். அதை அப்படியே செதுக்கினால் கிர்னாரில் படிப்பவர் தம் ஊர் என்று எண்ணிக்கொள்வாரே என்று யோசித்த ஓர் எழுத்தர் ஊர்ப்பெயரை இட்டிருக்கிறார். மற்ற ஊர் எழுத்தர்கள் வந்ததை வந்தபடியே வெட்டிவிட்டார்கள். அரசாங்க அலுவலகங்களில் இவ்விரு வகையினரும் இன்றும் இருக்கிறார்கள்.

தஞ்சாவூர் வாசகர்: சாணக்கியரைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர்களில் பார்க்கிறோம். பழைய இலக்கியத்தில் பாடலிபுத்திர வாழ்க்கையைக் கண்முன் நிறுத்தும் நூல் எது?

தயங்காமல் விசாகதத்தரின் முத்திராராட்சசம் என்பேன். ஆசிரியர் மௌரியருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர் ஆகையால், அவர் காட்டும் தெருக்களும் வீடுகளும் அவர் காலத்தவை என்ற நினைவோடு படிக்க வேண்டும். காதல் காட்சியே இல்லாத வடமொழி நாடகம் அது. நந்தரிடம் கொண்ட பற்று மாறாத அமைச்சர் ராட்சசரைக் கொல்லாமல், அவரையே சந்திரகுப்தனுக்கு அமைச்சராக்க வேண்டும் என்பது சாணக்கியரின் திட்டம். அதற்காக நகரமே ஒற்றர்களால் நிறைக்கப்படுகிறது. யமனுலகக் காட்சிகள் தீட்டிய யமபடத்தைக் காட்டிப் பாடிப் பிச்சையெடுக்கும் ஒருவன் வீடு வீடாகப் போகிறான்; இரத்தின வணிகர் சந்தனதாசரின் வீட்டு வாசலில், கதவுக்குப் பின்னிருந்து குழந்தையைப் பிடித்திழுத்த ஒரு பெண்ணின் விரலிலிருந்து மோதிரம் நழுவி உருண்டு வருகிறது. அது ராட்சசரின் முத்திரை மோதிரம். நாடகத்தின் முழுச் சூழ்ச்சியும் அந்த மோதிரத்தைச் சுற்றியே எழுகிறது.

இன்னொரு காட்சி. சந்திரகுப்தனைக் கொல்ல வந்தவர்கள் அவன் படுக்கையறைச் சுவருக்குள் சுரங்கம் அமைத்து ஒளிந்திருக்கிறார்கள். அவன் உறங்க வருவதற்கு முன் அறையைச் சோதிக்கும் சாணக்கியர், சுவர்ப் பிளவிலிருந்து எறும்புகள் சோற்றுப் பருக்கைகளைச் சுமந்து வரிசையாக வருவதைக் காண்கிறார். உள்ளே ஆள் இருக்கிறான் என்று முடிவுசெய்து அறைக்குத் தீ வைக்கச் சொல்கிறார். துப்பறியும் கதை எழுதுவோர் இன்றும் பொறாமைப்படக்கூடிய இடம் இது.

மூன்றாம் அங்கத்தில், நகரத்தார் ஆவலோடு காத்திருந்த கௌமுதி விழா நடைபெறாது என்று தெரிகிறது. சுகாங்க அரண்மனையின் மாடத்திலிருந்து விழாக்கோலம் காண வந்த அரசன், அதைத் தடுத்தவர் சாணக்கியர் என்று அறிந்து சினம்கொள்வதுபோல் நடிக்கிறான். இருவரும் முன்பே பேசிவைத்துக்கொண்ட சண்டை. அவரை அழைத்துவரப் போன அரண்மனைப் பணியாளரான முதிய கஞ்சுகி, பேரரசை ஆட்டிவைப்பவரின் வீட்டைப் பார்த்து நின்றுவிடுகிறார். வறட்டியை உடைக்க ஒரு கல், மாணவர்கள் கொண்டுவந்து போட்ட தருப்பைக் கட்டு, காயப்போட்ட சமித்துகளின் கனம் தாங்காமல் ஓரம் தொய்ந்த கூரை, இடிந்துபோன சுவர். அதிகாரம் எங்கே குடியிருந்தது என்பதை அந்த நான்கு பொருள்களால் காட்டிவிடுகிறார் ஆசிரியர்.

மற்ற வடமொழி நூல்களில் பாடலி பெரும்பாலும் அழகிய பெயராக வந்துபோகும். இரகுவம்சத்தில் இந்துமதியின் சுயம்வரத்தில், மகத மன்னனை மணந்தால் மலர்நகரமான பாடலியின் பெண்கள் மாளிகைச் சாளரங்களில் நின்று உன்னைக் கண்டு களிப்பார்கள் என்று காளிதாசர் ஆசைகாட்டுகிறார். அதே மண்டபத்தில் சற்றுத் தள்ளிப் பாண்டிய மன்னனும் அமர்ந்திருக்கிறான். இந்துமதி இருவரையும் கடந்து போய்விடுகிறாள். பதஞ்சலியோ இன்னும் கறாரானவர். ஒப்புமை விகுதிக்கு எடுத்துக்காட்டாக, பாடலிபுத்திரத்தாரைவிட மதுராவினரே அழகர்கள் என்று எழுதிவைத்துவிட்டார்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: அப்பர் சமணத்தைத் தழுவித் தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரத்தில் இருந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவர் மகதத்துக்கா போனார்?

இல்லை. நீங்கள் வீட்டு வாசலில் இறங்கினால் அவர் இருந்த ஊரில்தான் நிற்பீர்கள். பெரியபுராணம் சொல்லும் பாடலிபுத்திரம் உங்கள் திருப்பாதிரிப்புலியூரே என்பது அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. கதைப்போக்கே அதற்குச் சான்று. சூலை நோய் தாங்காத மருள்நீக்கியார் (அப்பரின் இயற்பெயர் அது), சமணப்பள்ளியிலிருந்து ஒருவரும் அறியாமல் இரவோடு இரவாகப் புறப்பட்டுத் திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் போய்ச் சேருகிறார். கெடிலக்கரையில் சில மணிநேர நடைத் தொலைவு அது. கங்கைக்கரையிலிருந்து நடந்திருந்தால் மாதக்கணக்காகியிருக்கும். பின்னர் மனம் மாறிய பல்லவ மன்னன், பாடலிபுத்திரத்துப் பள்ளியையும் பாழிகளையும் இடித்துக் கொணர்ந்து திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறார் சேக்கிழார். இடித்த பொருள்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவரும் தொலைவில்தான் ஊர் இருந்திருக்க வேண்டும்.

அங்கே சமணக் கல்வி நிலையம் இருந்தது என்பதற்குத் தனியாகவும் சான்று உண்டு. உலக அமைப்பைச் சொல்லும் லோகவிபாகம் என்ற சமண நூலை, காஞ்சியை ஆண்ட சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், பாண நாட்டுப் பாடலிகை என்னும் ஊரில் சர்வநந்தி எழுதினார் என்று அந்நூலின் இறுதிப் பகுதி கூறுகிறது. அந்த ஆண்டு கி.பி. 458. பல்லவர் காலக்கணக்கை நிறுவ ஆய்வாளர்கள் இன்றும் கைக்கொள்ளும் ஆண்டு இது. அப்பருக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பே உங்கள் ஊரில் நூலெழுதும் பள்ளி இருந்திருக்கிறது. பாதிரிமரம் நின்ற ஊருக்குப் பாடலி என்ற பெயர் இயல்பாகவே அமையும். மகதத்தின் புகழ்பெற்ற நகரின் பெயரை முழுமையாக இட்டு வழங்கியதில் சமணர்களுக்கு வேறொரு நாட்டமும் இருந்திருக்கலாம். சமணத் துறவி தூலபத்திரரின் காலத்தில் சமண ஆகமங்களைத் தொகுத்த அவை கூடியது அந்த வடநாட்டுப் பாடலிபுத்திரத்தில்தான்.

சேலம் வாசகி: அந்நகரில் இலவச மருத்துவமனைகள் இருந்தன என்பது உண்மையா?

கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மூன்று ஆண்டுகள் தங்கி வடமொழி கற்று, பௌத்தத் துறவியர் ஒழுக்கத்தைச் சொல்லும் விநய நூல்களைப் படியெடுத்த சீனத் துறவி பாகியான் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். செல்வர்கள் நடத்திய அறச்சாலைகளுக்கு ஏழைகளும் அநாதைகளும் உடல் ஊனமுற்றவர்களும் நோயாளிகளும் வந்தார்கள். மருத்துவர் சோதித்துப் பார்த்து உணவும் மருந்தும் கொடுத்தார்கள். நலமடைந்ததும் அவர்களே கிளம்பிப் போனார்கள். 1951 முதல் 1955 வரை பாட்னாவின் கும்ராகரில் நடந்த அகழாய்வில், குப்தர் கால ஆரோக்கிய விகாரம் ஒன்றின் பெயர் பொறித்த களிமண் முத்திரை கிடைத்தது. பாகியான் பார்த்தது இதே இடந்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

கோயம்புத்தூர் வாசகர்: இவ்வளவு பெரிய நகரம் எப்படி அழிந்தது? புத்தர் சொன்ன மூன்று கேடுகளில் எது வென்றது?

ஒரே நாளில் அழிந்த நகரம் அன்று அது. பாகியான் வந்தபோது அசோகரின் அரண்மனை நின்றுகொண்டிருந்தது. அதன் வேலைப்பாட்டைப் பார்த்து, மனிதர் செய்யக்கூடியதன்று, பூதங்கள் கல்லடுக்கிக் கட்டியது என்று அவருக்குத் தோன்றியது. ஏறத்தாழ 230 ஆண்டுகள் கழித்து யுவான் சுவாங் வந்தபோது பழைய நகரம் நெடுங்காலமாகப் பாழ்பட்டுக் கிடந்தது. அடித்தளங்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. இவ்விருவருக்கும் இடையில் குப்தப் பேரரசு உடைந்தது. வட இந்திய அரசியலின் மையம் மேற்கே கன்னோசிக்கு நகர்ந்தது. சோணை வெள்ளத்தில் நகரம் மூழ்கிய கதையைச் சமணப் பிராகிருத நூலொன்று சொல்கிறது. கும்ராகரில் அகழாய்வாளர் ஸ்பூனர் தோண்டியபோது கனத்த சாம்பல் அடுக்கைக் கண்டார்.

எனவே நெருப்பும் நீரும் தம் பங்கைச் செய்தன; உட்பகைக்கும் குறைவில்லை. ஆனாலும் என் கணிப்பில் முதன்மையான காரணம் ஆறு இடம் மாறியதே. சோணை மேற்கே விலகத் தொடங்கியதும், நகரை மூன்று பக்கமும் காத்த நீரரண் போயிற்று. படகில் வந்திறங்கிய சரக்கு வேறு துறைகளைத் தேடிற்று. வெள்ளம் வடிந்தால் நகரத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், எரிந்தாலும் கட்டலாம். வணிகத்தின் வழி விலகிப்போனால் கட்ட வருபவர் யார்? அதன் பிறகு பெயர் மட்டும் அரைகுறையாக உயிரோடு இருந்தது. 9ஆம் நூற்றாண்டையொட்டிப் பால மன்னர் தருமபாலர் தம் செப்பேடு ஒன்றைப் பாடலிபுத்திரத்துப் பாசறையிலிருந்து வெளியிட்டார். 1541ஐ ஒட்டி ஷேர்ஷா கங்கைக்கரையில் கோட்டை கட்டியபோதுதான் அவ்விடம் பாட்னா என்ற பெயரில் மறுபடி நகரமாயிற்று.

சென்னை வாசகர்: பாட்னாவுக்குப் பணி நிமித்தம் செல்கிறேன். பாடலிபுத்திரத்தின் எச்சமாக எதைப் பார்க்கலாம்?

கும்ராகர் பூங்காவுக்குப் போகிறவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புவதே வழக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாம்செட்ஜி டாட்டாவின் மகன் சர் ரத்தன் டாட்டாவின் பொருளுதவியோடு ஸ்பூனர் 1912–13இல் அகழத் தொடங்கி, வரிசைக்குப் பத்தாக எட்டு வரிசைகளில் தூண்கள் நின்ற மண்டபத்தின் தடங்களை அங்கே கண்டார். முழுதாகக் கிடைத்த தூண் ஒன்றே ஒன்று. மற்றவை உடைந்த துண்டுகளும் தூண் நின்ற குழிகளும்தான். நிலத்தடி நீர் ஏறிவந்து தேங்கியதால் தோண்டிய பகுதியை மண்ணிட்டு மூட வேண்டியதாயிற்று. ஈரானின் பெர்சிபோலிஸ் அரண்மனையைப் பார்த்துக் கட்டியது அது என்று ஸ்பூனர் வாதிட்டார்; தூணின் வழுவழுப்பைப் பார்க்கும்போது அந்த எண்ணம் தோன்றுவது இயல்பே என்றாலும், அவர் அதை இழுத்த தூரத்துக்கு யாரும் கூடப் போகவில்லை.

உங்கள் நேரத்தைப் பீகார் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். 1917இல் நகரின் கிழக்கே தீதார்கஞ்சில் கங்கைக்கரையில் கிடைத்த இயக்கிச் சிலை அங்கே இருக்கிறது. ஆளுயரத்துக்கு ஒரே மணற்கல்லில் வடித்தது. வலக்கையில் சாமரம், இடக்கை உடைந்து போயிருக்கிறது. அது மௌரியர் காலத்ததா, பிற்பட்டதா என்று கலை வரலாற்றாளர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். வழக்கில் எந்தப் பக்கம் சேர்வது என்று முடிவுசெய்வதற்கு முன், சிலையின் பின்புறமாகவும் ஒருமுறை சுற்றி வந்து, முதுகில் இறங்கும் மணிமாலையையும் ஆடையின் கொசுவத்தையும் பாருங்கள். முன்புறம் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுபவர்களே அதிகம்.